பெரிய டர்போவுக்கு இன்டேக் குழாய் செய்வது: 63 மி.மீ பிவிசி போதுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். புதுக்குடியிருப்புப் பக்கம் ஓடும் ஒரு பழைய மிட்சுபிஷி எல் 200 பிக்கப். 4டி56 டீசல் எஞ்சின், மெக்கானிக்கல் டீசல் பம்பு. பழைய டர்போ தேய்ந்துபோனதால் அதைவிடப் பெரிய கம்ப்ரஸர் (காற்றை உறிஞ்சி அமத்தும் பக்கம்) உள்ள ஒன்றைப் பூட்டியிருக்கிறீர்கள். புது டர்போவின் வாய் வெளிவிட்டம் 60 மி.மீ. கம்பனி ரப்பர் குழாய் 50 மி.மீ வாய்க்கானது, அதனால் சேரவில்லை. எயார் பில்டர் பெட்டியின் வாய் 70 மி.மீ. தண்ணீர்ப் பம்புக்குப் போடும் 63 மி.மீ பிவிசி குழாயும் இரண்டு எல்போவும் போதும் என்று ஒருவர் சொல்ல, தற்காலிகமாக அதையே போட்டு ஓடுகிறீர்கள். இப்போது சீறல் சத்தம் கேட்கிறது. இது சரியா, இல்லையென்றால் எதில், எந்த அளவில், இங்கேயே எப்படிச் செய்விப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குழாய்க்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற சந்தேகமும் கேள்விக்குள்ளே இருக்கிறது. வேண்டும், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. இந்தக் குழாயை மாற்றியதால் பெரிதாக வலு கூடாது. பிழையாகச் செய்தால் டர்போவும் போகும், பின்னால் எஞ்சினும் போகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு, அதாவது அமத்திய காற்றைக் குளிரவைக்கும் ரேடியேட்டருக்கு, போவது அழுத்தக் குழாய். அதில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியே போகும், புகை வரும், இழுவை குறையும், உடனே தெரிந்துவிடும். நீங்கள் கேட்பது பில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள உறிஞ்சு குழாய். இதில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே வரும், பில்டரைக் கடக்காமல், வீதிப் புழுதியோடு. வாகனம் வழமைபோல ஓடும், ஒரு குறையும் தெரியாது. சில மாதம் கழித்துக் கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ் நுனிகள் அரம் போட்டதுபோல மழுங்கியிருக்கும், ஒயில் குறையத் தொடங்கியிருக்கும். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் வீதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போய்ப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிவிசிக்கு வருவோம். அது 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் வலுவிழக்கத் தொடங்கும், 80 அளவில் இளகும். பாரம் ஏற்றி வந்து எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுபோகும், டர்பைன், அதாவது டர்போவின் புகைப் பக்கத்துச் சூடு முழுவதும் பொனற்றுக்குள் தேங்கும். அந்த நேரத்தில் பக்கத்திலுள்ள குழாய் 80ஐ எளிதாகத் தாண்டும். இளகிய குழாய் மெல்ல முட்டை வடிவமாகும், கிளிப் தளரும், அதன்பின் ஓட்டைதான். இரண்டாவது குறை எல்போ. பிவிசி எல்போ தண்ணீருக்காகச் செய்த குறுகிய வளைவு, உள்ளே குழாய் முடியும் இடத்தில் ஒரு படியும் இருக்கும். கரைசல் பசை அந்தப் படியில் வழிந்து காய்ந்து நிற்கும், பிறகு உதிரும். தண்ணீர்ப் பம்பின் சுருள் ஹோஸும் அப்படித்தான். உட்புறம் வரிவரியாக இருக்கும், சூட்டில் இளகிச் சுருளும் பிரியும். ஆனால் அந்த 63 மி.மீ பிவிசியை எறிந்துவிடாதீர்கள். மாதிரி பார்ப்பதற்கு அதைவிட நல்ல சாமான் கிடைக்காது. கீழே வருகிறேன்.

அளவு விடயத்தில் ஊகம் தேவையில்லை, கணக்கே போட்டுவிடலாம். எஞ்சின் 2,477 சிசி. நான்கு அடி எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 4,000 சுற்றில், சிலிண்டர் 85 வீதம் நிரம்புகிறது என்று வைத்தால், டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,200 லீற்றர். ஒரு பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) கொடுத்து இன்டர்கூலரும் இருந்தால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1.7 மடங்காகும், ஆகவே குழாய் இழுக்க வேண்டியது நிமிடத்துக்கு 7,100 லீற்றர். கூரைமேல் வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கிகள் ஏழையும் ஒரு நிமிடத்தில் காலி செய்வது போன்றது. இது 50 மி.மீ உள்விட்டத்துக்குள்ளால் போனால் வேகம் நொடிக்கு 60 மீற்றர். 63.5 மி.மீ வெளிவிட்டமும் 1.5 மி.மீ சுவரும் உள்ள குழாயில், அதாவது 60.5 உள்விட்டத்தில், 41 மீற்றர். 76 மி.மீ குழாயில் 28 மீற்றர். இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் 50இலிருந்து 63க்கு மாறும்போதே அது பாதிக்கும் கீழே போய்விடும். 63இலிருந்து 76க்குப் போனால் மிச்சமாவது அரை கிலோபாஸ்கல் அளவுதான். அதற்காக இடமில்லாத பொனற்றுக்குள் மூன்று அங்குலக் குழாயைத் திணித்து ரேடியேட்டர் பேனில் உரச விடுவது வீண். உங்கள் டர்போவுக்கு 63.5 போதும்.

எதில் செய்வது? அலுமினியம் நல்லது, பாரம் குறைவு. ஆனால் அதை ஒட்ட ஏசி மின்னோட்ட வசதியுள்ள ஆர்கன் வெல்டிங் மெசினும் கை பழகிய ஆளும் வேண்டும். மெல்லிய அலுமினியம் ஒரு நொடி பிந்தினால் ஓட்டையாகிவிடும். உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது 304 தர ஸ்டெயின்லெஸ். மாடிப்படிக் கைபிடியும் கேற்றும் செய்யும் ஸ்டெயின்லெஸ் கடைகளைத் தேடுங்கள். அவர்கள் நாள் முழுக்கச் செய்வது மெல்லிய குழாயை ஆர்கனில் ஒட்டுவதுதான், இரண்டரை அங்குலக் குழாயும் அவர்களிடம் புழக்கத்தில் இருக்கும். சுவர் 1.5 மி.மீ கேளுங்கள். 1.2உம் ஆகும், ஆனால் ஒட்டுபவருக்குத் தவறு செய்ய இடம் குறைவு. மலிவான 201 தரமும் அதே பளபளப்போடு விற்பனைக்கு இருக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஓடும் வாகனத்துக்கு 304தான் நல்லது. சாதாரண இரும்புக் குழாய் உட்பக்கம் துருப்பிடிக்கும், துருச் செதில் நேரே சக்கரத்துக்குப் போகும். அதைத் தடுக்க உள்ளே பெயின்ற் அடித்தால் பெயின்ற் உதிரும். ஜிஐ குழாய் கூடவே கூடாது. நாகப் பூச்சை எரித்து ஒட்டும்போது வரும் வெள்ளைப் புகை ஒட்டுபவருக்குக் காய்ச்சல் கொண்டுவரும், பூச்சும் செதிலாகக் கழரும்.

இனி மாதிரி. குழாயை வெட்டுவதற்கு முன் டர்போவின் அழுத்தக் குழாய் எந்த வழியால் போகிறது என்பது முடிவாகியிருக்க வேண்டும். அது இடம் பிடித்த பிறகு மிஞ்சிய இடத்தில்தான் உறிஞ்சு குழாய் போகும். பிவிசியைத் துண்டு துண்டாக வெட்டி மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, டர்போ வாயிலிருந்து பெட்டி வரைக்கும் பாதையை உருவாக்குங்கள். டர்போ வாய்க்கு முன் குறைந்தது 120 மி.மீ நேர்ப்பகுதி விடப் பாருங்கள். வாயிலேயே வளைவு வந்தால் காற்று ஒரு பக்கமாக ஒதுங்கிச் சக்கரத்துக்குள் நுழையும். டர்பைன் வீட்டிலிருந்தும் மனிபோல்டிலிருந்தும் 30 மி.மீ தள்ளி நிற்க வேண்டும், முடியாவிட்டால் இடையில் ஒரு தகர மறைப்பு. பேன், பெல்ட், பொனற் மூடி எல்லாவற்றுக்கும் 20 மி.மீ இடைவெளி. பொனற்றை மூடிப் பார்க்கும்போது குழாய் மேல் ஒரு கட்டிக் களிமண் வைத்து மூடினால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அது நசுங்கிய தடிப்பில் தெரியும். சரி வந்ததும் ஒவ்வொரு இணைப்பின் குறுக்காலும் ஒரு கோடு இழுத்து எண் போடுங்கள். கழற்றிய பிறகு எந்தத் துண்டு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று அந்தக் கோடுதான் சொல்லும்.

வளைவுக்கு முதல் தெரிவு, ஆயத்தமாக வளைத்த குழாய். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் விசாரித்தால் 63 மி.மீ 90 பாகை வளைவு கிடைக்கும், அதிலிருந்து வேண்டிய பாகையை வெட்டி எடுக்கலாம். கைபிடிக் கடை எல்போவை வாங்காதீர்கள், அதன் வளைவு மிகக் குறுகியது. சைலன்சர் பட்டறையில் அமத்தி வளைப்பதும் வேண்டாம், வளைவின் உட்பக்கம் மடிந்து துவாரம் சுருங்கும். எதுவும் கிடைக்காவிட்டால் நேர்க் குழாயை ஆப்புத் துண்டுகளாக வெட்டிச் சேர்ப்பதுதான் வழி. இதன் கணக்கைச் சரியாகத் தருகிறேன், ஏனென்றால் பட்டறைகளில் இதைக் கண்மட்டத்தில் செய்துதான் வளைவு கோணலாகிறது. வளைவின் நடுக்கோட்டு ஆரம் 95 மி.மீ, அதாவது விட்டத்தின் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு ஒட்டும் 18 பாகை திருப்பும். 90 பாகைக்கு 5 ஒட்டு, இடையில் 4 ஆப்பு. 54 பாகைக்கு 3 ஒட்டு, 2 ஆப்பு. ஒவ்வொரு ஆப்பின் இரண்டு முகமும் 9 பாகை சரிவில் வெட்டப்படும். நீளம் உட்பக்கம் 20 மி.மீ, நடுவில் 30, வெளிப்பக்கம் 40. இரண்டு பக்கத்து நேர்க் குழாய்களின் முனையும் அதே 9 பாகைதான். கட்டிங் மெசினை 9 பாகையில் பூட்டிவிட்டு, ஒரு வெட்டுக்குப் பிறகு குழாயை அரைச் சுற்று உருட்டி அடுத்த வெட்டு. டிஸ்க் தின்னும் தடிப்பை நீளத்தோடு கூட்ட மறக்க வேண்டாம். குழாயின் நீளத்துக்கு இரண்டு எதிர்ப் பக்கங்களிலும் ஒவ்வொரு கோடு இழுத்துவிட்டே வெட்டத் தொடங்குங்கள். ஒட்டும்போது கோடுகள் நேரில் வந்தால் வளைவு முறுகாது. வெட்டிய முகத்தைத் தட்டையான கண்ணாடியில் ஒட்டிய சாண்ட் பேப்பரில் தேய்த்து, இரண்டு முகமும் சேரும்போது வெளிச்சம் தெரியாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். 1.5 மி.மீ குழாயில் இடைவெளி இருந்தால் ஒட்டு உள்ளே தொங்கும்.

வெளியில் எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் உட்பக்கத்தைப் பார்த்துத்தான் வேலையை மதிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸை வெளியால் மட்டும் ஆர்கன் கொடுத்து ஒட்டினால் பின்பக்கம் காற்றில் எரிந்து, கருகிய சர்க்கரைப் பாகு போலப் பொரிந்து நிற்கும். விரல் நகத்தால் சுரண்டினாலே மணி மணியாக உதிரும். கைபிடிக்கு அது பரவாயில்லை, குழாயின் உள்ளே யாரும் பார்ப்பதில்லை. இங்கே அந்த மணி ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் அலுமினியச் சக்கரத்தில் போய் விழும். ஆகவே குழாய்க்குள்ளும் ஆர்கன் நிரப்ப வேண்டும். இரு முனையையும் அலுமினியத் தாள் டேப்பால் மூடி, ஒரு பக்கம் ஆர்கன் குழாயைச் செருகி, மறுபக்கம் மேலே ஊசித் துளை ஒன்று விட்டு, நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்ட பிறகே ஒட்டத் தொடங்க வேண்டும். டோர்ச்சில் 8 முதல் 10 லீற்றர், 40 முதல் 60 அம்பியர், தேவைப்பட்டால் 1.6 மி.மீ 308 எல் கம்பி. ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரெதிராக நான்கு புள்ளி, மாதிரியோடு ஒப்பிட்டு வாகனத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்து, பிறகு கால் கால் சுற்றாக எதிர்ப் பக்கம் மாறி மாறி ஒட்டுவது. ஒரே மூச்சில் சுற்றி ஒட்டினால் குழாய் இழுபட்டு முனை சில மில்லிமீற்றர் விலகிவிடும். கைபிடிக் கடைக்காரர் உள்ளுக்குள் ஆர்கன் விடுவதை வீண் செலவு என்று நினைக்கலாம். வேலை கொடுக்கும்போதே சொல்லி, அந்தக் காஸுக்கும் சேர்த்து விலை பேசிவிடுங்கள்.

ஆர்கன் எங்கும் அகப்படவில்லை, சாதா ஆர்க் வெல்டிங்தான் இருக்கிறது என்றால் இந்தக் குழாயை அதில் ஒட்ட வேண்டாம். மெல்லிய சுவரைத் துளைத்து, கசடும் பொறியும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிடிப்புத் தட்டு, பிராக்கெட் போன்றவற்றோடு ஆர்க்கை நிறுத்திக்கொள்ளுங்கள். அதைவிடக் காஸ் வெல்டிங்காரரிடம் பித்தளைக் கம்பியால் ஒட்டுவிப்பது மேல். உறிஞ்சு பக்கத்தில் அழுத்தமும் இல்லை, பெரிய சூடும் இல்லை, பித்தளை ஒட்டு தாராளமாகத் தாங்கும். அதன் தொல்லை, ஒட்டும்போது போடும் பிளக்ஸ் பொடி உருகிக் கண்ணாடி போல உறைந்து நிற்பது. கொதிநீரில் ஊறப்போட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்தால்தான் போகும்.

ஒட்டி முடிந்த பிறகு சுத்தம் செய்வதை அரை மணி நேர வேலை என்று நினைக்காதீர்கள். கிரைண்டர் தூளும் பிசிறும் ஒட்டின் மடிப்பில் ஒளிந்திருக்கும். கைக்கு எட்டும் ஒட்டை உள்ளால் அரத்தால் மழுக்கி, மரச் சுத்தியலால் குழாயைச் சுற்றித் தட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, எயார் அடித்து, வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டி ஊடாக இழுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை தட்டு, கழுவு, இழு. பிறகு வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். பாதுகாப்புக்கென்று டர்போ வாயில் கம்பி வலை வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதிர்வில் அந்த வலையே ஒருநாள் அறுந்து உள்ளே போகும்.

முனைகளுக்கு வருவோம். குழாய் வழுவழுப்பாக இருந்தால் ஹோஸ் மெல்ல நழுவும். முனையிலிருந்து 8 முதல் 10 மி.மீ தள்ளி ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ உயரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். அதற்கான உருட்டு மெசின் இல்லாவிட்டால், ஆர்கனில் சுற்றிவர மெல்லிய ஒட்டு வரி ஒன்று போட்டுக் கூர் இல்லாமல் தேய்த்துவிடலாம். கிளிப் அந்த வரம்புக்குப் பின்னால் இறுக வேண்டும், வரம்பின் மேல் அல்ல. டர்போப் பக்கம் 63க்கு 60 இறக்கும் சிலிகோன் ரிடியூசர், பெட்டிப் பக்கம் 70க்கு 63. 63 ஹோஸை 60 வாயில் போட்டுக் கிளிப்பால் நசுக்கி இறுக்குவது வழக்கம், ஆனால் ஹோஸ் மடிந்து மடிப்பின் ஊடே புழுதி போகும். ஹோஸின் சுவர் 4 முதல் 5 மி.மீ தடிப்பு இருக்கட்டும், கையால் அமத்தினால் எளிதில் தட்டையாகக் கூடாது. வளைவை ஸ்டெயின்லெஸ் குழாயில் வைத்து, சிலிகோனை இணைப்புக்கு மட்டும் பாவியுங்கள். நீளமான சிலிகோன் வளைவு, உள்ளே கம்பி வளையம் இல்லாவிட்டால், பில்டர் அடைபட்ட நாளில் வெற்றிடத்தில் உள்வாங்கும். கிளிப்பில் பட்டி துளையில்லாததாகவும் விளிம்பு மடித்ததாகவும் பார்த்து வாங்குங்கள். துளைப் பட்டி சிலிகோனைச் சீவல் சீவலாக அரியும்.

எஞ்சின் ரப்பர் மவுன்டில் ஆடும், பில்டர் பெட்டி வாகனத்தின் உடம்பில் (பொடியில்) பூட்டியிருக்கும். குழாயை இரண்டிலும் இறுக்கிப் பூட்டினால் எங்கோ ஒன்று வெடிக்கும். 60 செ.மீ ஸ்டெயின்லெஸ் குழாய் ஏறத்தாழ 1.4 கிலோ வரும், அதை டர்போ வாயில் தொங்க விடவும் கூடாது. எஞ்சினிலிருந்து ஒரு பிராக்கெட் எடுத்துக் குழாயைத் தாங்கி, ஆட்டம் முழுவதையும் பெட்டிப் பக்க ஹோஸுக்கு விடுங்கள். அந்த ஹோஸுக்குள் இரண்டு முனைக்கும் இடையில் 15 மி.மீ இடைவெளி இருக்கட்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, பிரீதர். வால்வு மூடியிலிருந்து வரும் எஞ்சின் மூச்சுக் குழாய் பழைய ரப்பர் குழாயில்தான் வந்து சேர்ந்திருக்கும். தற்காலிகப் பிவிசியில் அதை எங்கே விட்டீர்கள்? கீழே தொங்குகிறது என்றால் ஒயில் ஆவி மட்டுமல்ல, புழுதியும் அந்த வழியால் போக்குவரத்துச் செய்யும். புதுக் குழாயில் அதே விட்டத்தில் ஒரு சிறுகுழாய் ஒட்டி, டர்போவை நோக்கிச் சரிவாகச் சேருங்கள். இணைக்கும் ஹோஸ் ஒயில் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். சாதாரண சிலிகோன் ஒயிலில் ஊறி மெத்தென்று வீங்கும். கம்ப்ரஸர் வாயில் மெல்லிய ஒயில் பூச்சு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. சொட்டு நின்றால்தான் பார்க்க வேண்டும். டீசல் பம்பிலுள்ள பூஸ்ட் மூடிக்கும் (பூஸ்டுக்கு ஏற்ப டீசலைக் கூட்டுவது) வேஸ்ட்கேற்றுக்கும் (பூஸ்ட் அளவு மீறாமல் தடுக்கும் வால்வு) போகும் சிறு ஹோஸ்கள் அழுத்தப் பக்கத்திலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். அவற்றை இந்தக் குழாயில் குத்திவிட்டால் டர்போ கட்டுப்பாடில்லாமல் பூஸ்ட் ஏற்றும், பம்போ அதற்கேற்ற டீசலைக் கொடுக்காது.

உங்கள் வாகனத்தில் காற்று அளவிடும் சென்சர் இல்லை என்பதால் தப்பித்தீர்கள். இதே கேள்வியோடு கொமன் ரெயில் (கணினி டீசலைக் கட்டுப்படுத்தும் எஞ்சின்) வாகனக்காரர் வாசித்தால், சென்சர் இருக்கும் பகுதியின் உள்விட்டத்தை மாற்றவே கூடாது. 60 மி.மீ இடத்தை 70 ஆக்கினால் காற்றின் வேகம் 27 வீதம் குறையும், கணினியும் காற்று அவ்வளவு குறைவு என்றே நம்பும்.

பூட்டுவதற்கு முன் கசிவுச் சோதனை, வாகனத்தில் அல்ல, மேசையில். இங்கே மறுபடியும் பிவிசி உதவும். இரு முனையிலும் உங்கள் சிலிகோன் ஹோஸைப் போட்டு, அதற்குள் மூடி ஒட்டிய பிவிசித் துண்டைச் செருகி, ஒரு மூடியில் டியூப்லெஸ் ரயர் வால்வு ஒன்றைப் பூட்டுங்கள். பிரீதர் சிறுகுழாயை அடையுங்கள். 0.3 பாருக்கு மேல் போகாமல் சைக்கிள் பம்பால் காற்றடித்து, ஒவ்வொரு ஒட்டிலும் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். பட்டறையின் எயார் கம்ப்ரஸரை நேரடியாகக் கொடுக்காதீர்கள். 8 பாரில் அந்தச் சிறிய மூடியை 250 கிலோ பாரம் தள்ளும், அது பறந்து வந்து படும் இடம் முகமாக இருக்கலாம்.

பூட்டிய பிறகு இன்னொரு சோதனை, செலவில்லாதது. டர்போப் பக்க ஹோஸைக் கழற்றிக் குழாயின் உட்சுவரில் விரல் அகலத்துக்கு மெல்லிய கிரீஸ் வளையம் ஒன்று பூசி, மூடி, 200 கி.மீ ஓடிவிட்டுப் பாருங்கள். கிரீஸ் நிறம் மாறாமல் இருந்தால் பில்டரும் இணைப்பும் சரி. செம்மண் நிறத்தில் ஒரு வால் படிந்திருந்தால் அந்த வால் தொடங்கும் பக்கம்தான் ஓட்டை. பூச்சு மெல்லியதாக இருக்கட்டும், கட்டி வைத்தால் அதையும் டர்போ தின்னும்.

சீறல் சத்தம் பற்றி. கம்பனி ரப்பர் குழாயோடு ஒரு சத்தம் அடக்கும் அறை இருந்திருக்கலாம், அது போனதால் டர்போவின் மூச்சு வெளியே கேட்கிறது. பெரிய கம்ப்ரஸரும் சேர்ந்தால் சீறல் கூடுவது இயல்பு. வண்டியின் பாரத்தோடு ஏறி இறங்கும் மென்மையான சீறலென்றால் விட்டுவிடலாம். சைரன் போலக் கூர்மையாக ஏறினால், அல்லது உலோகம் உரசும் ஓசை கலந்தால், நிறுத்திக் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள், சுவரில் தொட்ட கீறல் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சத்தம் என்னவென்று எழுத்தில் படித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பிவிசி இணைப்பு இருக்கும்வரை உறிஞ்சு குழாயின் ஓட்டையை முதல் சந்தேகமாக வையுங்கள்.

பில்டரை மாற்றித் திறந்த கூம்பு பில்டர் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பொனற்றுக்குள் 65 பாகைக் காற்றை இழுப்பதற்கும் வெளியே 35 பாகைக் காற்றை இழுப்பதற்கும் அடர்த்தியில் 9 வீத வித்தியாசம். நல்ல குழாய் செய்து மிச்சப்படுத்தியதைவிட அதிகமாக அங்கே இழந்துவிடுவீர்கள். புழுதிக்கும் கடதாசி பில்டரே மேல். காற்று எடுக்கும் வாயைக் கீழே இறக்கவும் வேண்டாம். மார்கழி வெள்ளத்தில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும்போது கடக்க நேர்ந்தால், குழாய் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே கனெக்டிங் ரொட் வளையும். கம்பனி வைத்த உயரத்தைவிடத் தாழ வராமல் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் இழுவை பற்றிச் சந்தேகம் வந்தால் அளந்து பாருங்கள். டர்போவுக்கு அருகில் ஒரு சிறு துளைக் குழாய் விட்டு, அதிலிருந்து தெளிந்த பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்து, ஒவ்வொரு காலும் ஒரு மீற்றருக்குக் குறையாமல் ஒரு பலகையில் கட்டி, பாதியளவு நிறத் தண்ணீர் விட்டுப் பக்கத்து இருக்கையில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பாரத்தோடு முழு மிதியில் இரண்டு காலுக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம் 25 செ.மீக்குள் என்றால் நல்லது. 50ஐத் தாண்டினால் எங்கோ அடைப்பு. பில்டர் பெட்டியின் வாயிலும் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால், தடை பில்டரிலா உங்கள் குழாயிலா என்பது பிரிந்து தெரியும். 63.5 குழாயை மேலே சொன்னபடி செய்திருந்தால் பெரும்பாலும் பில்டராகத்தான் இருக்கும். புகை குறையவில்லை, இழுவை போதவில்லை என்றால் அது பம்பின் டீசல் அளவும் பூஸ்ட் அளவும் சேர்ந்த விடயம். அதைப் பூஸ்ட் மீற்றரும் புகைச் சூட்டு மீற்றரும் இல்லாமல் திருகக் கூடாது, வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. அந்த இரண்டு மீற்றரையும் பூட்டி எடுத்த அளவுகளையும் குழாயின் இரண்டு வாய்களின் உள்விட்டத்தையும் எழுதினால், அதை வைத்து மேலே பேசலாம்.